அலோலாவில் தங்கிய சிறுவன்

குழந்தைகள் பார்க்கும் சித்திரப் படங்களைப் பற்றி இவ்விதழில் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. சில காலம் முன்பு வரை நாமும் அவ்வரிசையில் நின்றவர்களே. பள்ளியிலிருந்து வந்த பிள்ளை புத்தகப்பையை மூலையில் எறிந்துவிட்டுத் தொலைக்காட்சியின்முன் சம்மணமிட்டு அமர்ந்தால், 'மறுபடியும் அந்த மஞ்சள் எலியா?' என்று கடிந்துகொள்வது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. ஆயினும் அந்த மஞ்சள் எலி தோன்றும் நெடுந்தொடரில், பலரும் எள்ளி ஒதுக்கிய பருவம் ஒன்று உண்டு. கேட்டறிந்த ஏச்சையே நம் அபிப்பிராயமாகவும் வைத்திருந்தோம். அதனை முதலிலிருந்து இறுதி வரை பொறுமையாகப் பார்த்தபின் அவ்வபிப்பிராயம் நில்லாமற் போயிற்று. மாறிய கருத்தை மறைத்து வைப்பது முறையன்று என்பதால் இதனை எழுதுகிறோம்.

தொடரின் பெயர் 'போக்கிமான்'. 1996ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு கைவிளையாட்டாகத் தோன்றி, 1997ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொலைக்காட்சிச் சித்திரத் தொடராகவும் வெளிவரத் தொடங்கியது. விளையாட்டைச் சிருஷ்டித்த சத்தோஷி தாஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பித்துக் கொண்டவர். அவர் பெயரையே கதாநாயகச் சிறுவனுக்கும் ஜப்பானில் சூட்டினர். நம் நாட்டுக் குழந்தைகளுக்கு அவன் ஆஷ். விந்தையான ஆற்றல்கள் கொண்ட விலங்குகளைத் தோழராக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்து, அங்கங்கே போட்டியிட்டு, தலைசிறந்த பயிற்சியாளனாக வேண்டும் என்பது அவன் ஆசை. நம் குழந்தைகள் அலைவரிசைகளில் இத்தொடர் தமிழ்க் குரலிலும் ஒலித்திருப்பதால், வித்துராவின் லயங்களில் வளரும் பிள்ளைக்குக்கூட இதற்கு முன்னுரை வேண்டியதில்லை. முன்னுரை வேண்டியவர்கள் பெற்றோரே.

நாம் பேசப்போகும் பருவத்தின் பெயர் 'சூரியனும் சந்திரனும்'. 2016 நவம்பர் 17 முதல் 2019 நவம்பர் 3 வரை 146 பகுதிகளாக ஜப்பானில் ஒளிபரப்பானது. இதற்குக் கிடைத்த வரவேற்பு சற்றும் நல்லதன்று. காரணங்களும் இல்லாமலில்லை. முந்திய பருவத்தின் முடிவில், 2016 ஆகஸ்டில், ஆஷ் காலோஸ் நாட்டுப் பெரும்போட்டியின் இறுதிச் சுற்று வரை சென்று தோற்றான். இம்முறையேனும் வெல்வான் என்று காத்திருந்தவர்களுக்கு அது பேரிடி. அப்புண் ஆறுமுன்னரே புதிய பருவத்தின் படங்கள் வெளியாயின. அதுவரை கூர்ந்த முகமும் வீரத்தோற்றமும் கொண்டிருந்த சிறுவன், உருண்டை முகத்தோடும் மெல்லிய கைகால்களோடும் பல்லையெல்லாம் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றான். போதாக்குறைக்கு ஊர் சுற்ற வேண்டியவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து வகுப்பில் அமர்கிறான்! 'குழந்தைத்தனமாகிவிட்டது' என்று அயல்நாட்டு ரசிகர்கள் கைகொட்டி நகைத்தனர். குழந்தைகளுக்கான படம் குழந்தைத்தனமாயிருப்பது எவ்விதத்தில் குற்றம் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முதலில் அவ்வுருண்டை முகத்தைப் பற்றிச் சொல்லிவிடுவோம். சித்திரப் படம் என்பது ஆயிரக்கணக்கான ஓவியங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் வித்தை. ஒரு முகத்தில் பத்துக் கோடுகள் மிகுந்தால், அப்பத்தையும் ஒவ்வோர் ஓவியத்திலும் தவறாமல் வரைந்தாக வேண்டும். வாரத்துக்கு ஒரு பகுதி என்று ஓடும் தொடரில் அத்தனை உழைப்புக்கு நேரம் ஏது? ஆகவே கோடு மிகுந்த உருவம் அழகாக நிற்கும், அசையும்போது தயங்கும். கோடு குறைந்தால் அதே உருவம் ஓடும், உருளும், கோணங்கி காட்டும், வாய்விட்டு அழும். இயக்குநர் டைக்கி தொமியாசுவும் அவர் குழுவினரும் அழகைச் சிறிது விட்டுக்கொடுத்து அசைவை வாங்கினர் என்பது நம் கணிப்பு. உணவு மேசையைச் சுற்றிச் சிறுவரும் விலங்குகளும் செய்யும் ஆரவாரத்தை ஒரு முறை பார்த்தவர்கள் அந்த வியாபாரம் நஷ்டமன்று என்பதை ஒப்புவர். சில இடங்களில் கோணங்கி அளவு மீறுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

பள்ளிக்கூடத்தின் செய்தி இதனினும் பெரிது.

ஆஷ் அலோலா என்னும் தீவுக் கூட்டத்துக்கு வருவது தாயோடு விடுமுறையைக் கழிக்க. அவர்கள் வீட்டு விலங்கு ஒரு குலுக்கலில் வென்ற பயணச் சீட்டு அது. விடுமுறை முடிகிறது, தாய் ஊர் திரும்புகிறாள், மகன் தங்கிவிடுகிறான். குக்குய் என்னும் ஆசிரியர் தம் கடற்கரை வீட்டில் அவனுக்கு இடம் கொடுக்கிறார். இருபது ஆண்டுகளாக எந்த ஊரிலும் வேர் கொள்ளாமல் நடந்த சிறுவன், முதன்முறையாக ஓர் இடத்தில் உறங்கி, அதே இடத்தில் எழுந்து, அதே பாதையில் பள்ளி சென்று, மாலையில் அதே வீட்டுக்குத் திரும்புகிறான். பின்னர் குக்குய்க்கும் பர்னெட் என்னும் ஆராய்ச்சியாளருக்கும் திருமணம் நிகழ்கிறது. மணமானவுடன் வந்தவனை வெளியே அனுப்பிவிடும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஒரு வீட்டில் விருந்தாளியாக நுழைந்தவன் எந்த நாளில் அவ்வீட்டுப் பிள்ளையாகிறான் என்பதைச் சுட்டிக் காட்ட முடியாதவாறு, சோறும் குளியலும் வீட்டுப்பாடமுமாக 146 பகுதிகள் மெல்ல நகர்கின்றன. 'கதை நகரவேயில்லை' என்று பழித்தவர்கள் இந்த நகர்ச்சியைத்தான் தவறவிட்டனர்.

நாம் தவறவிட முடியாததற்குக் காரணம் உண்டு. இங்கே நம் பிள்ளைகளிடம் அக்கம்பக்கத்தார் அன்போடு கேட்கும் முதற்கேள்வி, 'நாடு எவிடெயா?' என்பது. மலையாளத்தில் நாடு என்றால் சொந்த ஊர். வித்துரா மருத்துவமனையில் பிறந்து, வித்துராப் பள்ளியில் பயின்று, பொன்முடிச் சாலையின் 22 கொண்டையூசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு எண்ணக்கூடிய பிள்ளை, சற்றுத் தயங்கிவிட்டுத் தான் பாட்டனாரோடு இருமுறை மட்டுமே சென்றுவந்த ஒரு தென்பாண்டிச் சிற்றூரின் பெயரைச் சொல்லுகிறது. கேட்டவர் மீது குற்றமில்லை. சொன்ன பிள்ளை மீதும் குற்றமில்லை. ஆனால் அந்தத் தயக்கத்தை எந்தப் பாடப்புத்தகமும் பேசி நாம் கண்டதில்லை. ஒரு ஜப்பானியச் சித்திரப் படம் பேசுகிறது.

அது தற்செயலும் அன்று. அலோலா என்பது கற்பனைப் பெயரேயாயினும், அதன் எரிமலைகளும் கடற்கரைகளும் முகமன் சொல்லும் பாங்கும் ஹவாய்த் தீவுகளை முன்வைத்து அமைந்தவை. அத்தீவுகளுக்கு ஜப்பானியர் சென்ற கதை நமக்கு அந்நியமானதன்று. 1868இல் ஏறத்தாழ 150 பேர் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறினர். 1885 முதல் அரசாங்க ஒப்பந்தத்தின் பேரில் ஆயிரக்கணக்கானோர் சென்றனர். சீனர், போர்த்துக்கேயர், கொரியர், பிலிப்பைன்சு நாட்டார் எனப் பல இனத்தாரும் அதே தோட்டங்களில் வந்து கூடினர். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத நிலையில், எல்லாச் சொற்களும் கலந்த புதுப்பேச்சு ஒன்று வரப்புகளில் பிறந்தது. 1920இல் அத்தீவு மக்களில் பத்துப் பேருக்கு நால்வருக்கு மேல் ஜப்பானிய மரபினர். பொன்முடியிலும் போணக்காட்டிலும் தேயிலை நட்ட நாளில் மலையேறி வந்த நம் முன்னோர், அக்கரும்புத் தோட்டங்களைப் பார்த்திருந்தால் பிரம்பையும் பேரேட்டையும் உடனே அடையாளங் கண்டிருப்பர்.

இந்தப் பருவத்தின் விலங்குகளில் ஒரு புதுமையுண்டு. ஆஷின் தாயகமான காந்தோவில் நாம் முன்பே கண்ட பல உயிர்கள் அலோலாவில் வேறு வடிவில் வாழ்கின்றன. அங்கே செந்நிறமும் நெருப்பும் கொண்ட நரிக்குட்டி வல்பிக்ஸ், இங்கே பனிமலையில் குடியேறி வெண்ணிறமும் குளிர்மூச்சும் பெற்றிருக்கிறது. எக்ஸெகியூட்டர் என்னும் மரவிலங்கு தீவின் வெயிலைக் குடித்துத் தென்னைபோல் வானளாவ வளர்ந்திருக்கிறது. பெயர் ஒன்றே; குலமும் ஒன்றே; வந்த இடத்தின் மண்ணும் காற்றும் உருவத்தை மாற்றிவிட்டன. 'எது மெய்யான வல்பிக்ஸ்?' என்று அத்தொடரில் எவரும் வழக்காடுவதில்லை என்பது நம் கருத்தைக் கவர்ந்தது. திருநெல்வேலி உறவினர் நம் பிள்ளைகளின் தமிழில் மலையாள வாடை வீசுகிறதென்று கேலி செய்யும் திருமண வீடுகளில், இந்நரிக்குட்டியை நினைத்துக்கொள்வதுண்டு.

எலி பெருகியபோது அதனைப் பிடிக்கக் கொண்டுவரப்பட்ட கீரிபோன்ற யங்கூஸ் என்னும் விலங்கும் அலோலாவில் உண்டு. இதற்கும் மூலம் ஹவாயே. 1883இல் கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க அங்கே கீரிகளை இறக்குமதி செய்தனர். எலி இரவில் திரிவது, கீரி பகலில் வேட்டையாடுவது என்னும் சிறு விஷயத்தைத் தோட்ட முதலாளிகள் யோசிக்கவில்லை! எலி அப்படியே இருக்க, தீவின் பறவை முட்டைகள் தீர்ந்தன.

இனி, இப்பருவத்தை இகழ்ந்தவர்களையும் வாயடைக்கச் செய்த 21ஆம் பகுதிக்கு வருவோம். லிட்டன் என்பது தெருவில் திரியும் ஒரு நெருப்புப் பூனைக்குட்டி. ஆஷின் உணவைத் திருடியதே அவர்களது முதல் அறிமுகம். திருடியது தனக்காக அன்று. பாழடைந்த ஒரு கட்டடத்தில் கிடக்கும் ஸ்டவுட்லாந்து என்னும் கிழநாயோடு பகிர்ந்து உண்பதற்காக. திக்கற்ற குட்டியை எடுத்து வளர்த்தது அந்நாய். நாய் நோய்வாய்ப்படுகிறது. மருத்துவர் தம்மால் இயன்றது இனி அதிகமில்லை என்பதைக் குறிப்பால் உணர்த்துகிறார். அதன்பின் மரத்தில் எஞ்சிய ஓர் இலை உதிர்கிறது. நாய் படுத்திருந்த இடம் வெறுமையாகிறது. மழையில் பூனைக்குட்டி உண்ணாமல் ஒடுங்கிக் கிடக்கிறது. இறந்தது என்னும் சொல் எங்கும் இல்லை. ஒப்பாரி இல்லை. வானத்து மேகம் ஒரு கணம் அந்நாயின் உருவாய்த் தோன்றுவதோடு சரி. ஆஷ் அக்குட்டிக்கு ஆறுதல் உரை எதுவும் ஆற்றுவதில்லை. அருகில் இருக்கிறான், அவ்வளவே.

இப்பகுதியை நாம் கண்டது ஒரு லயத்து வீட்டில். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் பேரனுக்கு அருகில் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். திரையை அவர் கவனிப்பதாகவே நாம் நினைக்கவில்லை. திடீரென்று, 'ஏலே, அந்தக் கிழட்டு நாய எங்கல காணோம்?' என்றார்.

'அது செத்துப்போச்சு ஆச்சி. அவங்க சொல்லமாட்டாங்க. நாமளா தெரிஞ்சிக்கிடணும்' என்றான் பேரன்.

ஆச்சி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, 'ஒங்க தாத்தா போனப்பவும் ஒனக்கு யாரும் சொல்லலதான்' என்றார். அப்போது அவனுக்கு நான்கு வயதாம். ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தபோது, பயணம் தாங்காதென்று பிள்ளையை இங்கேயே அண்டை வீட்டில் விட்டுச் சென்றிருக்கின்றனர். திரும்பி வந்தபின் அதைப் பற்றிப் பேச எவருக்கும் வாய் எழவில்லை. அன்று மாலை அவர்கள் இருவரும் பேசட்டும் என்று நாம் எழுந்து வந்துவிட்டோம்.

வகுப்புத் தோழர்களின் கதைகள் எல்லாவற்றையும் சொல்ல இடம் போதாது. கியாவே என்னும் சிறுவன் பொழுது விடியுமுன் குடும்பப் பண்ணையின் பாலைத் தீவு தீவாகக் கொண்டுசேர்த்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறான். நம் ஊர் ஜெர்சிப் பண்ணைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவனைப் பிடிக்கும். லில்லி விலங்குகளைப் பற்றி எல்லாம் கற்றவள், ஆனால் ஒன்றையும் தொட அஞ்சுபவள். சிறுவயதில் தன்னைக் காத்த விலங்கையே, தாக்க வந்ததாக அவள் மனம் மாற்றிப் பதிவு செய்துகொண்டது. அம்முடிச்சை ஒரே நாளில் அவிழ்த்துவிடாமல் பல மாதங்கள் எடுத்துக்கொண்ட பொறுமை பாராட்டத்தக்கது. மாலோ உணவுக்கடைக்காரரின் மகள். எப்போதும் சிரித்த முகம். நோயுற்றிருந்த தாயிடம் சினந்து ஒரு சொல் சொல்லிவிட்டாள்; மன்னிப்புக் கேட்குமுன் தாய் மறைந்துவிட்டாள். மறைந்தோரைக் காட்டும் மூடுபனி ஒன்றில் அவள் தாயைச் சந்திக்கும் பகுதியைப் பெரியவர்கள் தனியே பார்ப்பது நலம். குழந்தைகள்முன் கண் துடைப்பது சிலருக்குக் கூச்சமாயிருக்கும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஆஷ் தங்கியது விரும்பித் தங்கியது. கூலிக்காகத் தங்கியவனின் கதை வேறு. ஹவாயின் மலைகளையும் மலர்களையும் எடுத்துக்கொண்ட படைப்பாளர், அங்கே தம் நாட்டார் முதுகு வளைந்து வெட்டிய கரும்பை மட்டும் விட்டுவிட்டனர். அலோலாவில் பண்ணை உண்டு, உணவுக்கடை உண்டு, பயணிகள் விடுதி உண்டு. கூலி வரிசை இல்லை. மூடிய தோட்டங்களின் லயங்களில் ஒழுகும் கூரையின்கீழ் இன்னும் வாழும் குடும்பங்கள் நம்மிடையே இருக்க, இந்த விடுபாட்டை நாம் மனமொப்பிக் கடந்துசெல்ல இயலவில்லை. குழந்தைகள் படத்தில் அதெல்லாம் எதற்கு என்பார்க்கு ஒரு சொல்: சாவைச் சொல்லாமற் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இதனையும் சொல்லத் தெரிந்திருக்கும்.

இவ்வளவு சொன்னபின் வெற்றியைச் சொல்லாதிருக்கலாகாது. அலோலாவில் அதுவரை பெரும்போட்டி என்று ஒன்று இருந்ததில்லை. அதனை நிறுவுவதே குக்குயின் வாழ்நாட் கனவு. 2019 செப்டம்பரில் ஒளிபரப்பான இறுதிச் சுற்றில், லில்லியின் அண்ணன் கிளாடியனை வென்று ஆஷ் முதலிடம் பெற்றான். 22 ஆண்டுகளில் ஆறு நாடுகளின் பெரும்போட்டிகளில் தோற்றவனுக்கு அதுவே முதல் வெற்றி. ஆரஞ்சுத் தீவுகளில் பண்டு பெற்ற வெற்றியைச் சேர்ப்பதா என்று வாதிடுவோர் உளர். அதனை நம் பிள்ளைகளே தீர்த்துக்கொள்ளட்டும். 'பள்ளிக்கூடப் பருவம்' என்று ஏளனம் செய்யப்பட்ட பருவத்தில்தான் அவன் வென்றான் என்பது ஒரு வேடிக்கை. வேறொன்றும் உண்டு. அலோலாவின் முதல் வாகைவீரன் அலோலாவில் பிறந்தவன் அல்லன். அரங்கில் கூடியிருந்த தீவினர் அதற்காக முகம் வாடவில்லை. தங்கள் பிள்ளையை வாழ்த்துவதுபோலவே ஆரவாரித்தனர். 'நாடு எவிடெயா?' என்று எவரும் கேட்கவில்லை.

வெற்றிக்குப்பின் அவன் புறப்பட்டுவிடுகிறான். 2022 நவம்பரில் உலக வாகையும் சூடி, 2023 மார்ச்சில் அவன் கதை முடிந்தது. ஏப்ரல் முதல் லிக்கோ, ராய் என்னும் வேறு சிறுவர்களைக் கொண்டு தொடர் நடைபெறலாயிற்று. அதனால் அலோலாவைத் திரும்பிப் பார்க்க இது ஏற்ற காலம். 146 பகுதிகளுக்கும் பொழுதில்லாதவர்கள் முதலிரண்டையும் 21ஆம் பகுதியையும் பார்க்கலாம். ஆஷ் தன் வகுப்புத் தோழர்களைத் தாயகத்துக்கு அழைத்துச் சென்று பழைய நண்பர்களான மிஸ்டியையும் புரோக்கையும் காட்டும் 42, 43ஆம் பகுதிகளை விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கலாம். இறுதிப் போட்டிகளைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடித்துவிடுவர்.

கடைசியாக ஒரு செய்தி. எந்த நாட்டில் எந்த விலங்கைத் தோழமை கொண்டாலும், பயணம் முடிந்ததும் தாயகத்தில் உள்ள பேராசிரியர் ஓக்கின் பண்ணையில் சேர்ப்பதே ஆஷின் வழக்கம். அலோலாவை விட்டுச் செல்லும்போது அவ்வாறு செய்யவில்லை. மழையில் ஒடுங்கிக் கிடந்து பின்னாளில் பெரும்புலியாய் வளர்ந்த அந்த லிட்டன் உட்பட நான்கையும் குக்குய், பர்னெட் வீட்டிலேயே விட்டுச் சென்றான். அடுத்த பருவத்தில் அவன் அவ்வீட்டுக்கு ஒருமுறை திரும்பி வருகிறான். அப்போது அங்கே ஒரு கைக்குழந்தை இருக்கிறது. குழந்தையின் பெயர் லெய். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்குப் பொருள், வருவோர் கழுத்தில் சூட்டும் பூமாலை.